சென்னை – லண்டன் ஹீத்ரோ: வான்வழித் தொலைவும் உண்மையான பயண நேரமும்

மாம்பலம்_வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தாயார் வருகிற சனவரியில் சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானத்தில் தனியாகச் செல்கிறார். அங்கிருந்து என் தங்கை அவரை லெஸ்டர் நகருக்கு அழைத்துச் செல்வாள். ஏப்ரல் இறுதியில் திரும்பி வருவதாகத் திட்டம். அம்மாவுக்கு நீரிழிவு நோய் இருப்பதால், விமானத்துக்குள் அவர் எத்தனை மணி நேரம் இருப்பார் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு உணவையும் மாத்திரையையும் திட்டமிட வேண்டியிருக்கிறது.

இணையத்தில் தேடிப் பார்த்ததில் குழப்பமே மிஞ்சியது. இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான தொலைவு 8,235 கி.மீ. என்று ஒரு தளம் சொல்கிறது, 8,480 கி.மீ. என்கிறது இன்னொன்று, மூன்றாவது தளத்திலோ 7,154 கி.மீ. என்று இருக்கிறது. முதல் தளம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, 9 மணி 9 நிமிடத்தில் போய்விடலாம் என்றும் கணக்குச் சொல்கிறது. பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், புறப்பாடு காலை 5.30, வருகை காலை 10.50 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, "ஐந்தரை மணி நேரம்கூட ஆகாது சார், கவலைப்படாதீர்கள்" என்றார். எது சரி? தொலைவு ஒன்றாகத்தானே இருக்க முடியும்?

நிலவரை_ஆசிரியை

வணக்கம். பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். தொலைவைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நேரத்தைப் பற்றித் துறையில் இருந்தவர்கள் எழுதினால்தான் நன்றாக இருக்கும்.

உங்களுக்குக் கிடைத்த மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகையில் இருக்கிறது. ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.46. உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டைப் பெருவட்டக் கோடு என்கிறோம். இந்த இரு புள்ளிகளும் பூமியின் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் 74.06 பாகை. ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. என்று பெருக்கினால் 8,235 கி.மீ. வருகிறது. முதல் தளம் சொல்வது இதைத்தான், அதுவே சரியான வடிவியல் தொலைவு. பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதைக் (நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ.) கணக்கில் கொண்டால் இந்த எண் சிறிது மாறும். ஆனால் அந்த மாற்றம் அரை விழுக்காட்டைத் தாண்டாது.

இரண்டாவது தளம் சொல்லும் 8,480 என்பது, சுவரில் மாட்டும் தட்டையான மெர்கேட்டர் வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டால் கிடைக்கும் பாதையின் நீளம். அந்தக் கோட்டில் திசைகாட்டி முதலிலிருந்து கடைசிவரை ஒரே திசையைக் காட்டும். அது கப்பலோட்டிகளுக்கு வசதியாக இருந்தது, ஆனால் குறுகிய பாதை அதுவல்ல. மூன்றாவது தளத்தின் எண் வெறும் அலகுப் பிழை. 8,235 கி.மீ. என்பது 4,446 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; தரை மைலோ 1.609 கி.மீ. 4,446-ஐ 1.609-ஆல் பெருக்கிப் பாருங்கள், 7,154 கிடைக்கும். கடல் மைலைத் தரை மைல் என்று எண்ணி யாரோ மாற்றியிருக்கிறார்கள். விமானத் துறையின் அளவுகள் பெரும்பாலும் கடல் மைலில் இருப்பதால் இந்தப் பிழை பல தளங்களில் உலவுகிறது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால், சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து லண்டன் வரை இழுத்துப் பிடியுங்கள். என் வகுப்பில் இதைச் செய்யச் சொல்லும்போது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும், நூல் அரபிக்கடலைத் தாண்டி அரேபியா வழியாகப் போகும் என்றுதான் முதலில் சொல்வார்கள். நூலோ வடமேற்கே ஏறி, வட மகாராட்டிரம், குசராத்து, பாகிஸ்தானின் பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், அசர்பைசான், அசோவ் கடல், உக்ரைன், போலந்தின் தென்பகுதி, செருமனி என்று வளைந்து லண்டனை அடையும்.

ஓய்வுபெற்ற_டிஸ்பேச்சர்

ஆசிரியை அவர்கள் நூலைப் பிடித்த இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். விமானப் பயணத் திட்டம் தயாரிக்கும் டிஸ்பேச்சர் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்தத் தொலைவுத் தளங்களைப் பார்த்துவிட்டு மக்கள் ஏமாறுவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகும். 8,235 கி.மீ. என்ற எண்ணில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டின் மீது இன்று எந்தப் பயணிகள் விமானமும் பறக்காது.

அந்த நூல் எந்தெந்த நாடுகளின் மேல் போகிறது என்று மீண்டும் பாருங்கள். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே மாதத்தில் ருசியா, பிரிட்டன் விமானங்கள் தன் வான்வெளியைப் பயன்படுத்தத் தடை விதித்தது. கிழக்கு உக்ரைனில்தான் 2014 சூலை 17 அன்று மலேசியன் ஏர்லைன்ஸ் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் உயிரிழந்தார்கள். 2020 சனவரி 8 அன்று தெகுரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதில் 176 பேர் இறந்தார்கள். பாகிஸ்தான் 2019 பிப்ரவரி 27 அன்று தன் வான்வெளியை மூடி, சூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மீண்டும் தடை விதித்தது. இந்தக் கடைசித் தடை பிரிட்டன் நிறுவன விமானத்துக்குப் பொருந்தாது. ஒரே நகரத்துக்கு ஒரே நாளில் போகும் இரண்டு நிறுவனங்களின் பறக்கும் நேரம் வேறுபடுவதற்கு இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு.

ஆகவே நடைமுறையில் விமானம் தெற்கே ஒதுங்கிச் செல்லும். ஒரு மாதிரிப் பாதையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து அரபிக்கடல் வழியே மசுகட்டு வரை 2,590 கி.மீ.; அங்கிருந்து ஈராக்கின் பாசுரா வரை 1,300; பாசுராவிலிருந்து துருக்கியின் கிழக்கு முனையில் உள்ள வான் ஏரி வரை 980; அங்கிருந்து கருங்கடலைத் தாண்டி ருமேனியாவின் புக்கரெஸ்டு வரை 1,595; பிறகு லண்டன் வரை 2,105. கூட்டினால் 8,570 கி.மீ. அன்றன்றைய பாதை இதிலிருந்து விலகும், சில வாரங்களில் கணிசமாகவே விலகும். எனினும் வான்வெளி அமைதியாக இருக்கும் நாட்களில் இந்த அளவுக்கு அருகில்தான் நிற்கும்.

இப்போது நேரத்துக்கு வருவோம். பயணச்சீட்டில் அச்சாகும் இரண்டு நேரங்களுக்கும் இடைப்பட்ட காலத்தை நாங்கள் பிளாக் டைம் என்போம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் நின்று மீண்டும் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. பறக்கும் நேரம் அதற்குள் ஒரு பகுதி மட்டுமே.

போயிங் 787 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு, அதாவது மாக் 0.85-இல் பயணிக்கும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 பாகை என்பதால் அங்கே அது மணிக்கு 1,062 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதில் 0.85 பங்கு மணிக்கு 903 கி.மீ. தளங்கள் போடும் 900 இங்கிருந்து வருவதுதான். ஆனால் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் இந்த வேகம் கிடைக்காது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 463 கி.மீ. என்ற வரம்பு இருக்கிறது.

சனவரியில் எதிர்காற்று பாதை முழுவதுக்கும் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. என்று வைத்துக் கணக்கிடுவோம். சென்னையில் வாயிலை விட்டு ஓடுபாதைக்குச் சென்று மேலெழ 15 நிமிடம். ஏறுவதற்கு 25 நிமிடம், அதில் சுமார் 250 கி.மீ. கடந்துவிடும், இறங்குவதற்கும் அதே அளவு. இடையில் உள்ள 8,070 கி.மீ. தொலைவை 853 கி.மீ. தரைவேகத்தில் கடக்க 9 மணி 28 நிமிடம். ஹீத்ரோவில் வரிசையில் காத்திருந்து, இறங்கிய பின் வாயிலை அடைய 17 நிமிடம். மொத்தம் 10 மணி 50 நிமிடம்.

உங்கள் சீட்டைப் பாருங்கள். காலை 5.30 புறப்பாடு இந்திய நேரம், 10.50 வருகை லண்டன் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்களுடைய 10.50 நமக்கு மாலை 4.20. ஆக, 10 மணி 50 நிமிடம்தான். முகவர் இரண்டு ஊர்க் கடிகாரங்களை நேரடியாகக் கழித்துவிட்டார்; நீரிழிவு உள்ள ஒரு தாயாரின் பயணத்தில் அப்படிக் கழிப்பது ஆபத்தான கவனக்குறைவு என்றே சொல்வேன்.

கணக்கன்_நெல்லை

விரிவான பதிலுக்கு நன்றி ஐயா. ஒரு ஐயம். மேற்கே போக அதிக நேரமும் கிழக்கே வரக் குறைந்த நேரமும் ஆவது பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் அல்லவா? சென்னையில் நாம் நிற்கும் தரையே மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேலான வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி லண்டன் தானாகவே வந்து சேர வேண்டும், நேரம் குறைய வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறதே?

வானிலை_நோக்கர்

நண்பரே, உங்கள் கேள்வியே அந்தக் கருத்து ஏன் நிற்காது என்பதைக் காட்டிவிடுகிறது. பூமி சுழலும்போது தரை மட்டும் சுழல்வதில்லை. மேலே உள்ள காற்றும், அதில் மிதக்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. சென்னையில் ஓடுபாதையில் நிற்கும் விமானமும் மணிக்கு சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. விமானம் காற்றைத் தள்ளித்தான் பறக்கிறது. எனவே தரையோடு ஒப்பிடும்போது காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஒன்றே பயண நேரத்தை மாற்றும்.

குளிர்காலத்தில் வட இந்தியா, ஈரான், மேற்காசியா ஆகியவற்றின் மேல், வடக்கு 25 முதல் 30 பாகை வரையிலான பகுதியில், ஏறத்தாழ 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஜெட் காற்று வீசுகிறது. அதன் மையத்தில் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது அரிதல்ல. மசுகட்டுக்கும் பாசுராவுக்கும் இடையே லண்டன் செல்லும் விமானம் இந்தக் காற்றைத்தான் எதிர்கொள்கிறது. பாதை முழுவதும் சராசரி 50 என்றாலும், அந்த ஒரு பகுதியில் மட்டும் எதிர்காற்று நூறைத் தாண்டலாம்.

கோடையில் நிலைமை வேறு. சூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று வீசுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று அழைக்கப்படும் இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக் காட்டியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீசுவரம். தரையில் தென்மேற்குக் காற்று வீசும் அதே நாளில், அதற்கு மேலே நேர் எதிர்த்திசையில் இன்னொரு காற்று ஓடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், சென்னையிலிருந்து மேற்கே செல்லும் விமானத்துக்கு முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது ஓரளவு கைகொடுக்கும். அதே நேரத்தில் வடக்கே உள்ள மேற்குக் காற்று வலுவிழந்து மேலும் வடக்கே நகர்ந்துவிடுகிறது. அதனால் சூலையில் மேற்கே செல்லும் பயணம் சனவரியைவிடக் குறையும்.

கணக்கன்_நெல்லை

புரிகிறது. ஆனால் மேற்குக் காற்று ஏன் மேற்கிலிருந்தே வீச வேண்டும் என்று கேட்டால், பதில் மறுபடியும் பூமியின் சுழற்சியில்தானே போய் நிற்கிறது? இன்னொரு கேள்வி: போகும்போது இழப்பதை வரும்போது திரும்பப் பெற்றுவிடுகிறோம் என்றால், போக வரச் சேர்த்துப் பார்க்கையில் காற்றால் நட்டமில்லை என்று கொள்ளலாமா?

வானிலை_நோக்கர்

முதல் கேள்விக்கு ஆம். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடேறி மேலெழும் காற்று வடக்கு நோக்கி நகரும்போது, சுழற்சியின் காரணமாக வலப்புறம், அதாவது கிழக்கு நோக்கித் திரும்புகிறது. சுழற்சி காற்றை உண்டாக்குகிறது. காற்று விமானத்தைத் தாமதப்படுத்துகிறது. இந்த வரிசை முக்கியம், ஏனெனில் சுழற்சி மாறுவதில்லை, காற்று ஒவ்வொரு நாளும் மாறுகிறது.

இரண்டாவது கேள்விக்கு இல்லை. 8,500 கி.மீ. தொலைவையும் 900 கி.மீ. வேகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக வர 18 மணி 53 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று இருந்தால் எதிர்த்துப் போக 10 மணி 38 நிமிடம் (800 கி.மீ. வேகம்), துணையோடு வர 8 மணி 30 நிமிடம் (1,000 கி.மீ. வேகம்), ஆக மொத்தம் 19 மணி 8 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருக்கிறது. துணைக்காற்றை அனுபவிக்கும் நேரமோ குறைவு. ஆகவே இழப்பு முழுவதும் ஒருபோதும் திரும்பக் கிடைக்காது.

துபாய்_வழி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் எப்போதும் துபாய் வழியாகவே லண்டன் செல்பவன். சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–ஹீத்ரோ சுமார் 5,500 கி.மீ.; கூட்டினால் 8,430. பெருவட்டத் தொலைவைவிட 200 கி.மீ. மட்டுமே கூடுதல். தொலைவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இடைநிறுத்தம், இரண்டாவது முறை பாதுகாப்புச் சோதனை, வாயில் தேடி நடப்பது எல்லாம் சேர்த்து மூன்று முதல் ஐந்து மணி நேரம் கூடிவிடும். உங்கள் தாயாருக்கு நேரடி விமானம் எடுத்தது நல்ல முடிவு.

ஓய்வுபெற்ற_டிஸ்பேச்சர்

துபாய் வழி நண்பர் சொன்ன கணக்கு சரியானது. அதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஆசிரியை குறிப்பிட்ட மெர்கேட்டர் நேர்கோடு மசுகட்டுக்கும் பாசுராவுக்கும் அருகிலேயே செல்கிறது. விமானத் தடம் காட்டும் தளங்களில் இப்பாதை ஏறக்குறைய நேராகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, விமானிகள் தட்டை வரைபடத்தில் கோடு போட்டுத்தான் பறக்கிறார்கள் என்று சிலர் வாதிடுவதைக் கண்டிருக்கிறேன். அது தற்செயலான ஒற்றுமை. மூடிய வான்வெளிகள் தெற்கே தள்ளியதால் பாதை அங்கே வந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

ஹவுன்சுலோ_தமிழன்

ஹீத்ரோவின் ஓடுபாதைக்கு அருகில் குடியிருப்பவன், உறவினர்களை அழைத்துவர அடிக்கடி அங்கே போய் நிற்பவன் என்ற முறையில் மறுமுனையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 விமான இயக்கங்கள் என்ற உச்சவரம்பை நெருங்கியே அந்த நிலையம் இயங்குகிறது. ஆகவே வரும் விமானங்கள் போவிங்டன், லாம்போர்ன், ஒக்காம், பிகின் ஆகிய நான்கு இடங்களுக்கு மேலே அடுக்கடுக்காக வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டி வரும். ஒவ்வொரு விமானத்துக்கும் இடையே ஆயிரம் அடி உயர வேறுபாடு. கீழே இருப்பது தரையிறங்கப் போனதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாக இறங்கும். கிழக்கிலிருந்து வருபவை பெரும்பாலும் லாம்போர்ன் அல்லது பிகின் பக்கம் நிற்கும். வானம் தெளிந்த காலைகளில் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், இறங்கும் விமானங்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே வரிசையாகத் தெரியும். காத்திருப்பைக் குறைக்க, சில நூறு கடல் மைல்களுக்கு முன்பே விமானத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஏற்பாடும் இப்போது இருக்கிறது.

இந்தத் தாமதங்களை எதிர்பார்த்தே நிறுவனங்கள் அட்டவணையில் சற்று நேரம் கூட்டிப் போடுகின்றன. அட்டவணை நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரத்தில் வந்ததாகவே துறையில் கணக்கு. சில நாட்களில் இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்கி, வாயில் காலியாகாமல் ஓடுதளத்தில் நின்றுகொண்டிருப்பதும் உண்டு. ஆகவே அம்மா "இறங்கிவிட்டேன்" என்று பேசியவுடன் தங்கை பதற்றப்பட வேண்டாம். சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால் பொதுவாக மற்றப் பயணிகள் இறங்கிய பிறகே அவரை அழைத்துச் செல்வார்கள். அதன் பின் குடிநுழைவுச் சோதனையும் பெட்டிக்காகக் காத்திருப்பதும் இருக்கின்றன. 10.50 வருகை என்றால், வெளிவாயிலில் அவரைப் பார்க்க 12.15 அல்லது 12.30 ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. லெஸ்டர் செல்லப் பேருந்தில் முன்பதிவு செய்வதானால் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் செய்ய வேண்டாம்.

செவிலியர்_மதுரை

சகோதரருக்கு ஒரு வார்த்தை. மாத்திரையா இன்சுலினா என்பதைப் பொறுத்து நேர அட்டவணை மாறும் என்பதால், அவரைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடமே பயண நேரங்களைக் காட்டி எழுதி வாங்குங்கள். அப்படிக் காட்டும்போது 5.30 – 10.50 என்று மட்டும் காட்டாதீர்கள். "மொத்தம் 10 மணி 50 நிமிடம், அதற்கு முன் சென்னை நிலையத்தில் மூன்று மணி நேரம், பின் லண்டனில் ஒன்றரை மணி நேரம்" என்று எழுதிக் காட்டுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேர்த்தால் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மருந்தையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லண்டனில் இறங்கும் வரை அம்மாவின் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே இருக்கட்டும்.

மாம்பலம்_வாசகன்

இவ்வளவு பொறுப்போடு பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் காட்ட இந்திய நேரத்திலேயே ஒரு தாள் தயாரித்துவிட்டேன்: நள்ளிரவு 1.30க்கு வீட்டிலிருந்து புறப்பாடு, 2.30க்கு நிலையம், 5.30க்கு விமானம், மாலை 4.20க்கு ஹீத்ரோ, 6 மணி அளவில் வெளிவாயில். தங்கைக்கும் அதையே லண்டன் நேரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். திரும்பும் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? ஏப்ரல் கடைசி வாரத்தில் லண்டனில் பிற்பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் அதிகாலை 3.30க்குச் சென்னை வருகை என்று சீட்டில் இருக்கிறது. அதே முகவர் இதைப் பதினாலரை மணி நேரம் என்கிறார்.

ஓய்வுபெற்ற_டிஸ்பேச்சர்

பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அப்படியே இருக்கும். ஆகவே உங்கள் தாயார் திரும்பும்போது வேறுபாடு ஐந்தரை அல்ல, நாலரை மணி நேரம். லண்டன் பிற்பகல் 1.00 என்பது நமக்கு மாலை 5.30. அதிலிருந்து அதிகாலை 3.30 வரை சரியாகப் பத்து மணி நேரம்.

இதையும் கட்டிப் பார்க்கலாம். அதே 8,570 கி.மீ. பாதை, இம்முறை துணைக்காற்று 50 கி.மீ. என்று கொண்டால், நடுப்பகுதியான 8,070 கி.மீ. தொலைவை 953 கி.மீ. தரைவேகத்தில் 8 மணி 28 நிமிடத்தில் கடக்கும். ஏற, இறங்க 50 நிமிடம். ஹீத்ரோவில் ஓடுபாதை வரை வரிசையில் நகர 20 நிமிடம். சென்னையில் இறங்கி வாயிலுக்கு வர 10 நிமிடம். மொத்தம் 9 மணி 48 நிமிடம். மீதி 12 நிமிடத்தை அட்டவணையின் கையிருப்பு எனலாம். ஏப்ரல் இறுதியில் மேற்குக் காற்று சனவரியைப் போல் வலுவாக இராது என்பதால் அந்தக் கையிருப்பு தேவைப்படவும் கூடும்.

பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில், விமானத் தடம் காட்டும் தளம் ஒன்றில் அந்த விமான எண்ணைக் கொடுத்து, அது நாள்தோறும் எந்தப் பாதையில் பறந்தது, உண்மையில் எத்தனை மணிக்குத் தரையிறங்கியது என்று பாருங்கள். வான்வெளி ஏதேனும் மூடப்பட்டிருந்தால் பாதையின் வளைவிலேயே அது தெரிந்துவிடும்; அப்படி அரை மணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் கொடுத்த தாளைத் திருத்தினால் போதும். சென்னையில் அழைத்துவர வண்டியை அதிகாலை 4.15க்கு வரச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் அதற்கு முன் வெளியே வருவது அரிது.